பாங்காக்: கோயில், அரண்மனை, சந்தை, எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது

கேள்வி இதுதான்: டிசம்பர் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு நாள் பாங்காக் போகிறோம். மால், இரவுக் கேளிக்கை எதுவும் வேண்டாம். கோயில், அரண்மனை, சந்தை போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி, எல்லோரும் சைவம். எப்படித் திட்டம் போடுவது?

பாங்காக்கைப் பொறுத்தவரை எதைப் பார்ப்பது என்பதைவிட எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் முக்கியம் என்பேன். பட்டியல் எல்லோரிடமும் ஒன்றுதான். காலை எட்டரைக்குப் பார்த்தால் கண்ணில் நிற்கிற அரண்மனை, பதினொன்றரைக்குப் போனால் கூட்டமும் வெயிலுமாக மட்டுமே நினைவில் இருக்கும். பகலில் சாதாரணக் கடைத்தெருவாகத் தெரிகிற பூச்சந்தை, நள்ளிரவில் வேறு ஊர். வயதானவர்களோடு போகும்போது இது இன்னும் உண்மை. அதனால் ஒரு நாளுக்குக் காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் அறைக்குத் திரும்பி ஓய்வு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

முதலில் தங்குமிடம். நம் ஊர் ஏஜென்ட்கள் பெரும்பாலும் சுகும்வித் பக்கம்தான் அறை போடுவார்கள். அங்கே மெட்ரோ வசதி உண்டு, இந்திய உணவகங்களும் அதிகம். ஆனால் நீங்கள் பார்க்கப் போவதெல்லாம் பழைய நகரமான ரத்தனகோசினில் இருக்கிறது. 1767இல் பர்மியப் படை பழைய தலைநகர் அயுத்தயாவை அழித்தபின், சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் தொன்புரி பதினைந்து ஆண்டு தலைநகராக இருந்தது. 1782இல் மன்னர் முதலாம் ராமா கிழக்குக் கரைக்கு மாறி, ஆற்றின் வளைவுக்குள் கால்வாய் வெட்டி, ஒரு தீவு போலப் புதுத் தலைநகரை அமைத்தார். அரண்மனை, வாட் போ, வாட் சுதத் (வாட் என்றால் கோயில்), பூச்சந்தை எல்லாம் இந்தச் சிறிய வட்டத்துக்குள்ளோ அதன் ஓரத்திலோதான். சனாம் சாய், சாம் யோத் என்ற இரண்டு மெட்ரோ நிலையங்களும் இங்கேயே இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் அறை எடுங்கள். இல்லையென்றால் சஃபான் தாக்சின் ரயில் நிலையத்தின் அருகில் எடுங்கள். அதன் காலடியிலேயே படகுத்துறை. மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் கால் நீட்ட முடிவது அம்மாவுக்குப் பெரிய உதவி.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு உண்டு. ஊர் மக்கள் அலுவலகம் போகிற படகு அதுதான். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அதுவும் மிகக் குறைவு. துறையில் சுற்றுலாப் படகுக்குச் சீட்டு விற்பவர்கள் முதலில் உங்களைப் பிடிப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய் ஆரஞ்சுக் கொடிக்கு நில்லுங்கள். உள்ளே நடத்துநர் நீளமான தகர உருளை ஒன்றைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே வருவார். சில்லறையும் சீட்டும் அதற்குள்தான், அந்தச் சத்தம்தான் டிக்கெட் வாங்கச் சொல்லும் அழைப்பு. பிக்குகளுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே நிற்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: படகு துறையில் அரை நிமிடம்தான் ஒட்டி நிற்கும். அம்மாவை முன்னால் ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள்.

அரண்மனைக்கு முதல் நாள் காலையே போய்விடுங்கள். எட்டரைக்குத் திறக்கிறார்கள், மாலை மூன்றரையோடு சீட்டு முடிந்துவிடும். வெளிநாட்டவருக்கு 500 பாட். கை இல்லாத சட்டை, அரைக்கால் சட்டை, கிழிசல் ஜீன்ஸ் எதற்கும் அனுமதி இல்லை. அம்மா புடவையில், அப்பா முழுக்கால் சட்டையில் வந்தால் சிக்கலே வராது. போகும் வழியில் ஒருவர் நல்ல ஆங்கிலத்தில், "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறக்கும், அதுவரை இருபது பாட்டுக்கு டுக்டுக்கில் நான்கு கோயில் காட்டுகிறேன்" என்பார். மூடியிருக்காது. அந்த டுக்டுக் கடைசியில் ஒரு ரத்தினக் கடையிலோ தையற்கடையிலோதான் போய் நிற்கும். பல ஆண்டுகளாக நடக்கிற வேலை இது. பதில் சொல்லாமல் நடந்து வாசலுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் நேராக மரகத புத்தரை நோக்கிப் போவார்கள். நீங்கள் அதை இரண்டாவதாக வையுங்கள். அவர் இருப்பது அரண்மனை வளாகத்துக்குள்ளேயே உள்ள வாட் பிரா கேவ் கோயிலில். முதலில் அந்தக் கோயிலைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மண்டபத்துக்குப் போங்கள். நிழல் இருக்கிறது. சுவர் முழுக்க ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 பகுதிகளாக வரையப்பட்டிருக்கிறது. வடக்கு வாசலருகே தொடங்கி வலமாகச் சுற்றினால் கதை வரிசையாக வரும். தொடக்கமே நமக்குத் தூக்கிவாரிப்போடும்: ஜனகர் ஏர் உழும்போது சீதை ஒரு கலயத்துக்குள் கிடைக்கிறாள், ஆனால் இந்தக் கதைப்படி அவள் ராவணன் மகள். குலத்தை அழிப்பாள் என்று சோதிடர் சொன்னதால் கலயத்தில் வைத்து ஆற்றில் விடப்பட்டவள். ராவணனுக்கு இங்கே தொத்சகான் என்று பெயர். பச்சை முகம், அடுக்கடுக்காகத் தலைகள். அனுமன் வெள்ளை வெளேர் என்றிருப்பான்; இவர்கள் அனுமன் பிரம்மச்சாரியும் இல்லை, வழியில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் மனதைப் பறிகொடுக்கிறவன்.

ஒரு காட்சியைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். அனுமன் மலை போல வளர்ந்து, ராமன் தூங்குகிற மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறான். மையராப் என்ற பாதாள அரக்கன் மயக்க மருந்தை ஊதி எல்லோரையும் தூங்கவைத்துவிட்டு ராமனைத் தூக்கிப் போகப் போகிறான், அதற்கு முந்தைய காவல் இது. கேட்ட கதையாக இருக்கிறதா? நம் பாட்டிகள் சொன்ன மயில் ராவணன் கதையேதான். வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. தெருக்கூத்தும் வாய்மொழியும் வைத்திருந்த கதை, இங்கே அரச கோயில் சுவரில் பொன் பூச்சோடு நிற்கிறது. அப்பாவுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் அந்தச் சுவர் முன்னால் அவரே உங்களுக்கு வழிகாட்டியாகிவிடுவார். அரண்மனையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இந்தச் சுவரைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஓவியங்கள் முதலாம் ராமா காலத்தில் தொடங்கியவை. பலமுறை திருத்தி எழுதப்பட்டதால் வண்ணங்கள் இவ்வளவு புதிதாகத் தெரிகின்றன.

அப்புறம் மரகத புத்தர். பெயர்தான் மரகதம், உண்மையில் பச்சை மணிக்கல். உயரம் 66 செ.மீ.தான். மேலே, மிக உயர்ந்த பீடத்தில் இருப்பதால் சிறியதாகத் தெரியும், சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் இந்தச் சிலைக்காக அரசுகள் போரிட்டிருக்கின்றன. சியாங் ராய், லம்பாங், சியாங் மாய், லுவாங் பிரபாங், வியன்டியன் என்று சுமார் முந்நூற்றைம்பது ஆண்டுகள் நகர்ந்து, 1784இல் இங்கே வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு மூன்று முறை, கோடை, மழை, குளிர் என்று பருவம் மாறும்போது மன்னரே வந்து ஆடை மாற்றுவார். நீங்கள் போகும் டிசம்பரில் கழுத்திலிருந்து கீழே வரை பொன் வலை போர்த்தியிருக்கும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி இருக்கக் கூடாது. காலைப் பின்னால் மடித்து உட்கார வேண்டும். அம்மாவுக்கு அது கடினம் என்றால் பின்புறம் நின்று கும்பிட்டுவிட்டு வெளியே வரலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். வாசலுக்கு வெளியே தீர்த்தத் தொட்டியருகே தாமரை மொட்டுகள் இருக்கும். மொட்டைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். சொல்லித்தர யாரும் வேண்டாம், பார்த்ததும் நம்மவர்களுக்குக் கை தானாகப் போகும்.

மற்ற அரண்மனைக் கட்டடங்களை வெளியிலிருந்துதான் பெரும்பாலும் பார்க்க முடியும். சக்ரி மகா பிரசாத் மட்டும் நின்று பார்க்கத் தக்கது. 1876இல் ஐந்தாம் ராமா ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரை வைத்துத் தொடங்கியது. உடல் முழுக்க ஐரோப்பிய மாளிகை, தலையில் மட்டும் மூன்று தாய்லாந்துக் கோபுரங்கள். முதலில் குவிமாடம்தான் வருவதாக இருந்தது, பிறகு மாற்றிவிட்டார்கள். பதினொரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

சுற்றுலா நிறுவனங்கள் அரண்மனை, வாட் போ, வாட் அருண் மூன்றையும் ஒரே காலையில் முடிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வாட் போவுக்கு நான்கு மணிக்குப் போங்கள். சாய்ந்த நிலையில் இருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். கட்டடம் சிலையைச் சட்டை போல இறுகப் பிடித்திருப்பதால் முழு உருவத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. தலையிலிருந்து தொடங்கி நடந்துகொண்டே, தூண்களுக்கிடையில் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். பாதத்தருகே நில்லுங்கள். உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்கள் முத்துச்சிப்பி இழைத்துப் பதித்திருக்கிறார்கள். திரும்பும் பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறைக் காசு வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவார்கள். கட்டடம் முழுக்க அந்த ‘டிங் டிங்’ ஒலிதான்.

வாட் போவில் பலர் தவறவிடுவது கல்வெட்டுகளை. மூன்றாம் ராமா இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது மருத்துவம், மூலிகை, யாப்பு, பழமொழி, ஜோதிடம் என்று அன்றைக்கு இருந்த அறிவையெல்லாம் பளிங்கில் செதுக்கிச் சுவர்களில் பதிக்கச் செய்தார். படிக்கத் தெரிந்த யாரும் வந்து படித்துக்கொள்ளலாம். யுனெஸ்கோ இவற்றை 2011இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. உடம்பில் நரம்பு ஓடும் பாதைகளைப் புள்ளி வைத்துக் காட்டும் மனித உருவப் படங்கள் ஒரு மண்டபத்தில் இருக்கின்றன. தாய் மசாஜின் பாடப்புத்தகம் அதுதான், மசாஜ் பள்ளியும் இந்த வளாகத்திலேயே இயங்குகிறது. அம்மாவை அரை மணி நேரப் பாத மசாஜுக்கு இங்கேயே உட்கார வைக்கலாம். முழங்கால் வலி என்று முன்பே சொல்லிவிடுங்கள். இவர்கள் கை பலமானது.

ஐந்தரை மணிவாக்கில் தா தியன் துறைக்கு வந்துவிடுங்கள். எதிர்க்கரையில் வாட் அருண், உடைந்த சீனப் பீங்கான் துண்டுகளைப் பூப்பூவாகப் பதித்த கோபுரம். ஐந்து பாட் கொடுத்தால் தோணி அக்கரை சேர்க்கும். ஆனால் கோபுரப் படிகள் செங்குத்து, ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். அம்மா கீழிருந்தே பார்க்கட்டும். பீங்கான் வேலைப்பாட்டைக் கிட்டத்தில் பார்க்க அடித்தளமே போதும். அன்று களைப்பாக இருந்தால் அக்கரைக்கே போக வேண்டாம். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்குவது தா தியன் பக்கத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும்.

இரண்டாம் நாளை நான் முழுக்க வாட் சுதத் பக்கத்துக்கு ஒதுக்குவேன். தமிழர்கள் பாங்காக் போய்விட்டு இந்த இடத்தைப் பார்க்காமல் திரும்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வாட் சுதத் வாசலில் சிவப்பு நிறத்தில் வானளாவ நிற்கும் மரச் சட்டம்தான் சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். 1784இல் நிறுவியது, இப்போது நிற்பது பிரே மாகாணத் தேக்கில் 2007இல் புதிதாகச் செய்தது. அரசவை பிராமணர்கள் நடத்திய விழாவில் இளைஞர்கள் இந்த ஊஞ்சலில் ஆடி, உயரத்தில் கட்டிய காசு முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். விழுந்து இறந்தவர்களும் உண்டு. 1935க்குப் பிறகு ஊஞ்சல் ஆடுவது நின்றுவிட்டது.

ஊஞ்சல் நின்றாலும் விழா நிற்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் தேவஸ்தானம் இருக்கிறது: வெள்ளையடித்த மூன்று சிறு கட்டடங்கள், சிவன், பிள்ளையார், திருமாலுக்கு ஆளுக்கொன்று. முதலாம் ராமா காலத்துக் கோயில். இங்கே அரசவை பிராமணர்கள் ஆண்டுதோறும் திரியம்பவாய், திரிபவாய் என்ற சடங்கை நடத்துகிறார்கள். திருவெம்பாவை, திருப்பாவை. கிரந்த எழுத்து மரபில் வந்த ஏடுகளைப் பார்த்து ஓதுகிறார்கள். பொருள் அவர்களுக்குத் தெரியாது, உச்சரிப்பும் நம் காதுக்குப் பிடிபடாத அளவு மாறிவிட்டது. ஆனாலும் பாடல்களை விடவில்லை. இறைவன் பூமிக்கு வரும் நாட்கள் என்பது நம்பிக்கை; பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிக்குள், சந்திர மாதக் கணக்குப்படி வரும், நம் மார்கழியை ஒட்டி. உங்கள் பயணமும் அதே பருவம் என்பதால், தேதியை விடுதியில் கேட்டுப் பாருங்கள். சடங்கு நாளாக இல்லாவிட்டாலும் போங்கள். ராமேஸ்வரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் மரபு இந்தக் குடும்பங்களிடம் உண்டு.

எதிரே வாட் சுதத்தின் உள்ளே இருக்கும் வெண்கல புத்தர் சுகோதாயிலிருந்து ஆற்று வழியே கொண்டுவரப்பட்டவர். கூட்டம் குறைவு, நிழல் அதிகம், உட்கார இடம் உண்டு. அங்கிருந்து சிறிது தூரத்தில் லோஹ பிரசாத், 37 உலோகக் கூம்புகளோடு எழும் கட்டடம். இலங்கையின் அனுராதபுரத்தில் ஒரு காலத்தில் இருந்த லோஹபிரசாதத்தின் வழியில் வந்தது. பக்கத்திலேயே வாட் சகேத்தின் தங்க மலை. முந்நூறுக்கு மேல் படிகள். சாய்வு அதிகம் இல்லைதான், ஆனாலும் அம்மாவை வற்புறுத்த வேண்டாம்.

அன்றைக்கு மதியம் நன்றாகத் தூங்கிவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் பூச்சந்தைக்குப் போங்கள். பெயர் பாக் குளோங் தலாத், சனாம் சாய் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் என்றாலும் லாரிகள் வந்து இறங்குவது இரவில்தான். மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி, வாழை இலையில் பொதிந்த மல்லிகை மொட்டு, கட்டுக் கட்டாகத் தாமரை. நம் ஊரில் பூவை விரலால் முடிச்சிட்டுக் கட்டுவோம். இங்கே ஒரு முழ நீள ஊசியில் கோக்கிறார்கள். ஊசியில் எண்ணெய்ப் பசை தடவி, மல்லிகை மொட்டுகளைக் காம்பு உள்ளே, முனை வெளியே என்று வட்ட வட்டமாக அடுக்கி, ஊசி நிறைந்ததும் நூலுக்கு இழுத்துவிடுகிறார்கள். நடுநடுவே ஒரு மெழுகு போன்ற பூ வரும், உற்றுப் பாருங்கள், எருக்கம்பூ. நம் வீட்டில் பிள்ளையாருக்கு மட்டும் போடுவது, இங்கே பல மாலைகளில் உண்டு. அம்மாவுக்கு இந்தச் சந்தைதான் மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சின்ன மாலை இருபது முப்பது பாட். கையில் சுற்றிக்கொள்ளலாம், தலையில் வைப்பது அவர்கள் வழக்கம் இல்லை.

மூன்றாம் நாள் சீனத் தெரு. காலையில் வாட் திரைமித். அங்கிருக்கும் புத்தர் ஐந்தரை டன் பொன். பல காலம் சுண்ணக்காரை பூசிய சாதாரணச் சிலை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள், தகரக் கூரையின் கீழ்க்கூட இருந்தது. 1955இல் இடம் மாற்றத் தூக்கியபோது கயிறு அறுந்து விழுந்து, காரை உடைந்து, உள்ளே மஞ்சளாக மின்னியது. பர்மியப் படைக்குத் தெரியாமலிருக்கப் பூசி மறைத்திருப்பார்கள் என்பது பலர் கருத்து. பிறகு சம்பெங் சந்து: ஒற்றைத் தள்ளுவண்டி போகிற அகலம், மொத்த விலையில் மணி, ரிப்பன், பொம்மை, பை. அதன் மறுமுனை பஹுராட்டில் முடியும். அங்கே துணிக்கடைகள், சீக்கிய குருத்வாரா, சாப்பிட ரொட்டி பருப்பு. சீனத் தெருவின் முதன்மைச் சாலையான யாவராத்துக்கு இருட்டிய பிறகு வாருங்கள். பகலில் அது வெறும் நகைக்கடைத் தெரு.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: ‘ஜே’. மஞ்சள் பலகையில் சிவப்பில் அந்த எழுத்து இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. வெறுமனே காய்கறி மட்டும் போதும் என்று சொன்னால் போதாது. மீன் சாறு இவர்களுக்கு உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் ஊற்றிவிடுவார்கள். பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால் இருக்கும். யாவராத்தில் இஞ்சித் தண்ணீரில் மிதக்கும் கறுப்பு எள் உருண்டை கேளுங்கள், நம் கொழுக்கட்டைக்கு உறவு.

கடைசி நாள் சனி அல்லது ஞாயிறாக அமையும்படி டிக்கெட் போடுங்கள். அப்போதுதான் சதுசக் சந்தை முழுதாகத் திறந்திருக்கும். ஆயிரக்கணக்கான கடைகள், காலை ஒன்பதரைக்குப் போய்ப் பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிட வேண்டும், தகரக் கூரைச் சூடு தாங்காது. பிடித்த பொருளை உடனே வாங்கிவிடுங்கள், திரும்பி வந்து அதே கடையைக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். அம்மாவை அதற்குள் இழுக்காமல், எதிரே இருக்கும் ஓர் தோர் கோர் சந்தைக்கு அழைத்துப் போகலாம். சுத்தமான தரை, உட்கார நாற்காலி, இந்த ஊரின் சிறந்த பழங்கள். மிதக்கும் சந்தை பார்க்கும் ஆசை இருந்தால் நூறு கிலோமீட்டர் தள்ளி தம்னொன் சதுவாக் வரை போகாதீர்கள். அது இப்போது பயணிகளுக்காகவே நடக்கிறது. நகரத்துக்குள்ளேயே குளோங் லாத் மயோம் வார இறுதியில் நடக்கிறது, உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பிட வருகிற இடம்.

அன்று மாலை சிலோம் சாலை மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. கோபுரம் நம் ஊர்க் கோபுரமேதான், ஆனால் தட்டோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். நவராத்திரியில் இந்தச் சாலையையே மூடிவிடுவார்கள்.

வாங்குவது பற்றி ஒன்று. பழைய புத்தர் சிலை என்று சந்தையில் காட்டினால் தொட வேண்டாம். புத்தர் சிலைகளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கலைத் துறையின் அனுமதி வேண்டும், விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள். மன்னர் குடும்பத்தைப் பற்றிப் பொது இடத்தில் எந்த விமர்சனமும் வேண்டாம், சட்டம் மிகக் கடுமையானது. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் ரயில் நிலையத்தில் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றால் நீங்களும் நில்லுங்கள். டாக்ஸியில் ஏறும் முன் மீட்டர் போடச் சொல்லுங்கள், மறுத்தால் அடுத்த வண்டி வரும். இல்லையென்றால் செயலியில் அழைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குக் கழற்றி மாட்ட எளிதான செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்குப் பத்து முறையாவது கழற்ற வேண்டியிருக்கும்.